திருக்குறள் எத்தனை கிலோபைட்?

திருக்குறளில் 1330 குறள்கள். குறளுக்கு ஏழு சீர் என்றால் மொத்தம் 9310 சீர்கள். எழுத்துகளை எண்ணினவர்கள் 42,194 என்று சொல்வார்கள். இதை யூனிகோட்டில் தட்டச்சு செய்து, இப்ப இணையம் முழுக்கப் பாவிக்கிற யூ.ரி.எஃப்-8 முறையில் சேமித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? அந்த முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'அ', 'க' போன்றவற்றுக்கு மூன்று பைட். 'கா', 'கி', 'க்' என்று ஒரு குறி சேர்ந்தால் ஆறு பைட். (இது அநியாயம் எண்டு எங்கட ஆக்கள் கனகாலம் சண்டை பிடிச்சவை. அது வேற கதை.) எல்லா எழுத்துக்கும் ஆறு பைட் என்று தாராளமாகப் போட்டாலும் 2,53,164 பைட்தான் வரும். சுமார் 250 கிலோபைட். முழுத் திருக்குறளும் அவ்வளவுதான்.

இனி மற்றக் கணக்கைப் பாருங்கோ. எச்.ரி.ரி.பி. ஆர்க்கைவ் என்றொரு திட்டம் உலகத்து இணையத்தளங்களை இலட்சக்கணக்கில் எடுத்து ஒழுங்காக நிறுத்துப் பார்க்கிறது. 2022 இல் அவர்கள் அளந்த பக்கங்களை எடை வரிசையில் அடுக்கி நடுவில் நிற்கிறதை எடுத்தால், போனில் திறக்கிற ஒரு பக்கத்தின் எடை ஏறத்தாழ 2 மெகாபைட். எட்டுத் திருக்குறள். அதில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 450 கிலோபைட்டுக்கு மேல். அதாவது, வாசகர் ஒரு சொல்லையும் வாசிக்க முதலே அவருடைய போன் இரண்டு திருக்குறள் அளவு நிரல்களை இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த நிரல்களில் எத்தனை அவருக்காக வேலை செய்கின்றன, எத்தனை அவரைப் பற்றி இன்னொருவருக்குத் தகவல் சொல்கின்றன என்பது அவருக்குத் தெரியாது.

இப்படி இல்லாத ஒரு தமிழ் இணையம் இருந்தது. அதன் சில பகுதிகள் இன்றும் இருக்கின்றன. அவை எப்படி வந்தன, ஏன் சாகாமல் நிற்கின்றன என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

1998 தைப்பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. முன்னின்றவர் கு. கல்யாணசுந்தரம். சுவிற்சர்லாந்தின் லவுசான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆய்வாளராக இருந்தவர். (உலகளாவிய வலையின் முதல் தளம் 1991 இல் எழுந்த சேர்ன் ஆய்வுகூடம் இருக்கிற ஜெனீவாவும் லவுசானும் ஒரே ஏரிக்கரை ஊர்கள். இதனால் ஒன்றும் நிறுவப்படவில்லை, ஆனால் எனக்குப் பிடித்த தகவல்.) 'தமிழ்.நெட்' என்ற மின்னஞ்சல் குழுவில் பழகின ஆட்கள்தான் முதல் தொண்டர்கள். ஒருவர் ஒரு நாட்டில் இருந்து நூலைத் தட்டச்சு செய்வார், இன்னொருவர் வேறொரு நாட்டில் இருந்து மெய்ப்புப் பார்ப்பார். சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை. அந்த வரிசையில் முதலாம் இலக்கம் திருக்குறள்.

அந்தக் கோப்புகளில் ஒன்றை இன்றைக்கும் திறந்து பாருங்கோ. தலைப்பில் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்ற விபரம் இருக்கும். இந்த முகப்பை எடுக்காமல் வைத்திருந்தால் கோப்பை நீங்கள் தாராளமாக மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற குறிப்பு இருக்கும். அதன் கீழே நூல். அவ்வளவுதான். பக்கத்தில் மினுங்கும் பெட்டி இல்லை. 'அறிவித்தல்களை அனுமதிக்கவா?' என்ற கேள்வி இல்லை. கோப்பே தன்னை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. இன்றைக்கு ஒரு தளத்தை வடிவமைக்கிறவர் இரவு பகலாக யோசிப்பது வாசகரை எப்படிப் போகவிடாமல் பிடித்து வைக்கலாம் என்று. மதுரைத் திட்டத்துக்காரர் வாசகர் எப்படி எடுத்துக்கொண்டு போகலாம் என்று யோசித்திருக்கிறார்கள்.

அந்த 1998 இல் யாழ்ப்பாணத்தில் இருந்து தெற்குக்குத் தரைப்பாதை இல்லை. கப்பல் அல்லது விமானம். ஏ9 திறக்க 2002 ஏப்ரல் ஆகிவிட்டது. எனவே மதுரைத் திட்டத்தின் தளத்தை அப்ப இங்கே இருந்து யாரும் ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பார்கள் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால் ஒன்றைக் கணக்குப் பார்க்கலாம். அந்தக் காலத்து ஃப்ளொப்பித் தட்டு 1.44 மெகாபைட் கொள்ளும். முழுத் திருக்குறளும் அதன் ஒரு மூலையில் அடங்கும். ஒருவர் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவரக்கூடிய நூலகம். இன்றைய செய்திப் பக்கம் ஒன்று அந்த ஃப்ளொப்பியில் ஏறவே ஏறாது.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்த இணையம் வாசகரைப் படுத்தின பாடும் கொஞ்சமில்லை. பெரிய தலையிடி எழுத்துரு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு, ஒவ்வொரு குறியேற்றம். இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்கள் மத்தியிலும் 'பாமினி' ஆட்சி செய்தது. அதில் நீங்கள் 'தமிழ்' என்று வாசிப்பது கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட மாதிரி. பாமினி நிறுவாத கணினியில் முகமூடி கழன்றுவிடும், பக்கம் முழுக்க ஜே, கே, பி, ஓ. இதைத் தீர்க்கவென்று 'இயங்கு எழுத்துரு' வந்தது. பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும். அதிலும் மைக்ரோசொஃப்ட் முறை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் வேலை செய்தது. 'இந்தத் தளத்தை இந்த உலாவியில் மட்டும் பார்க்கவும்' என்ற அடிக்குறிப்பு அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கங்களின் முத்திரை. மின்னஞ்சல் குழுக்களில் கூடிப் பேசி உருவாக்கிய 'திஸ்கி', 1999 இல் சென்னை மாநாட்டின் பின் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தாம்', 'தாப்' என்று ஆளாளுக்கு ஒரு தரம். யூனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்திருந்தும், சாதாரண ஆட்களின் கணினியில் அது வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது.

இந்த இடத்தில் 'பொங்குதமிழ்' மாற்றியைப் பற்றிச் சொல்லாமல் போக ஏலாது. 2000களின் முற்பகுதியில் வலைப்பதிவு எழுத வந்த அநேகருக்கு சுரதா யாழ்வாணன் செய்த அந்த ஒற்றைப் பக்கம் தெரியும். இரண்டு பெட்டிகள். ஒன்றில் பாமினியையோ திஸ்கியையோ ஒட்டினால் மற்றதில் யூனிகோட் வரும். அதைச் செய்தது எது தெரியுமா? ஜாவாஸ்கிரிப்ட்.

நான் வேணுமெண்டுதான் இதைச் சொல்கிறேன். 'நிரல் இல்லாத இணையம்' என்று கொடி பிடிக்கிற ஆட்களின் எழுத்துகளை வாசித்தால், 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் பத்து நாளில் எழுதி முடித்த அந்த மொழிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்பது போல இருக்கும். பொங்குதமிழ் அதற்கு நல்ல மறுப்பு. அங்கே நிரல் வாசகரின் கணினியிலேயே ஓடியது, வாசகர் கேட்ட வேலையைச் செய்தது, முடிந்ததும் சும்மா இருந்தது. ஒருவருடைய பழைய கட்டுரைகள் அத்தனையும் புதிய தரத்துக்குத் தப்பி வந்தது இப்படியான சின்னக் கருவிகளால்தான். நிரல் யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்பது அவ்வளவு பெரிய கேள்வியில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2003 செப்டெம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது அது வெறும் கூடு. அதற்குள் உண்மையாகக் குடியேறினவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை செய்த இ. மயூரநாதன். அவர் அந்த நவம்பரில் இறங்கி, ஆட்கள் வரும்வரை கிட்டத்தட்டத் தனிய நின்று கட்டுரை கட்டுரையாக எழுதினார். 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. விக்கிப்பீடியாவை உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுத் திறந்தாலும் கட்டுரை முழுதாக வரும். விளம்பரம் இல்லை. இன்னும் வேண்டுமென்றால் 'கிவிக்ஸ்' என்ற மென்பொருளில் முழுத் தமிழ் விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி, இணைப்பே இல்லாத பள்ளிக்கூடக் கணினியில் வைத்து வாசிக்கலாம்.

ஆனால் எங்கட ஊருக்குச் சரியான உதாரணம் நூலகம் திட்டம்தான். கம்பஸில் படிக்கிற எவருக்கும் நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அசைன்மென்ட் எழுதுற முதல் நாள் இரவு நாங்கள் எல்லோரும் அங்கேதான் நிற்போம். தி. கோபிநாத், மு. மயூரன் முதலான இளைஞர்கள் 2005 தை மாதத்தில் தொடங்கினது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பிரசுரங்களை மின்வடிவில் சேர்ப்பது வேலை. விக்கிப்பீடியாவுக்குப் பாவிக்கிற அதே மீடியாவிக்கி மென்பொருள். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் இலக்கம், ஒரு பக்கம்: பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, உள்ளடக்கம். கீழே நூலுக்கான இணைப்பு.

அந்த இணைப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கோ. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும், கோப்பு எத்தனை மெகாபைட் என்று. அதோடு பி.டி.எஃப். வடிவம் என்றும், தரவிறக்கிக் கணினியில் வைத்து வாசிக்கும்படியும் ஒரு குறிப்பு. அமத்த முதலே விலை சொல்லியாயிற்று. திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் மட்டையில் விலை எழுதி வைப்பதைப் போல. கட்டுப்படியானால் எடு, இல்லாவிட்டால் வை‑பை கிடைக்கிற இடத்துக்குப் போய் எடு. நூறு ரூபாய்க்கு றீலோட் பண்ணி டேட்டா போடுகிற ஆளுக்கு இந்த எண் எவ்வளவு பெரிய மரியாதை என்று யோசித்துப் பாருங்கோ. வேறு எந்தத் தளம் 'இந்தப் பக்கத்தைத் திறந்தால் உமக்கு இவ்வளவு போகும்' என்று முதலே சொல்கிறது?

குறை இல்லாமலில்லை. நூலகத்தின் பி.டி.எஃப். அநேகமானவை நூற்பக்கத்தின் படங்கள். கனம் கூடினவை. உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. அந்த வகையில் மதுரைத் திட்டத்தின் தட்டச்சுப் பிரதி எவ்வளவோ மேல். ஆனால் ஆயிரக்கணக்கான சஞ்சிகைகளைத் தட்டச்சு செய்ய ஆளுக்கு எங்கே போவது? கறையான் காத்துக்கொண்டிருக்கும்போது படம் பிடிப்பதுதான் கெதியான வழி.

'எடுத்துக்கொண்டு போ' என்ற இந்தக் குணம் எங்கட ஊரில் சும்மா வந்ததில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 97,000 நூல்கள். அதோடு யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதியும் போய்விட்டது என்று அடிக்கடி எழுதுவார்கள். ஏட்டுச் சுவடியின் கதை எப்படியோ, நூல் அழியவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அதை 1879 இலேயே பிரிட்டோ என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். குல. சபாநாதனின் பதிப்பு வந்து பல வீடுகளில் இருந்தது. அது பலருடைய கைக்குப் போயிருந்தபடியால் நெருப்பால் தொட முடியவில்லை. 97,000 இல் மற்றப் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பிறகு வந்த தடைக் காலத்தையும் நினைக்கலாம். 90களில் அச்சுத்தாள் வராதபோது 'உதயன்' கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது. கரண்ட் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பத்திரிகை தன் உடம்பைக் குறைத்துக்கொண்டு வாசகரிடம் வந்து சேர்ந்தது.

2022 இல் இது தலைகீழாக நடந்ததைப் பார்த்தோம். மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. ரவர்களின் மின்கலங்கள் இறங்க இணைப்பு நூலாகிவிடும். அந்த செப்டெம்பரில் டேட்டாக் கட்டணமும் 20 சதவீதம் ஏறியது. நான் அப்ப ஏ.எல். வகுப்பு. நாளைக்கு எங்கட பகுதிக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று தெரிந்தால்தான் படிக்கிற நேரத்தை முடிவு பண்ணலாம். அந்தத் தகவல் நாலு வரி. அதைப் போட்ட உள்ளூர்ச் செய்தித் தளமொன்றைத் திறந்தால் முதலில் ஒரு வட்டம் சுழலும், பிறகு விளம்பரம், பிறகு அறிவித்தல் அனுமதி, பிறகு திரும்ப வட்டம். நாலு வரி வர முதல் போன் சாகும். கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணா குறுஞ்செய்தியில் அனுப்பினார். 70 எழுத்துக்குள் அடங்கினது. 2017 இல் அமெரிக்காவில் புயல் அடித்தபோது சி.என்.என். செய்தி நிறுவனம் படமும் நிரலும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கமொன்றைத் திறந்துவிட்டது, இன்னும் அது இருக்கிறது. எங்களுக்குப் புயல் மாதக்கணக்கில் அடித்தது, ஒரு தளமும் அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வெளிநாட்டில் இதற்கு மாற்றுத் தேடுகிற ஆட்கள் 2019 இல் 'ஜெமினி' என்ற புதிய நெறிமுறையைத் தொடங்கினார்கள். வலையோடு ஒரே காலத்தில், 1991 இல், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பிறந்து வலையிடம் தோற்றுப்போன 'கோஃபர்' முறையின் பேரப்பிள்ளை மாதிரி. நிரல் ஓடாது, குக்கி இல்லை, நீங்கள் கேட்காத எதையும் பக்கம் தானாக இறக்காது. எழுத்தும் இணைப்பும் மட்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதை வாசிக்கத் தனியாக ஓர் உலாவி நிறுவ வேண்டும். பாமினியை நிறுவினால்தான் வாசிக்கலாம் என்ற காலத்தில் இருந்து தப்பி வந்த எங்களிடம் திரும்ப அதையே கேட்பதா? எங்கட அம்மம்மாவின் போனில் இருக்கிற உலாவியிலேயே திறக்கிற மெலிந்த பக்கம்தான் எனக்கு வேணும். அது முடியாத காரியமில்லை என்பதற்கு மதுரைத் திட்டம் 1998 இல் இருந்து சாட்சி.

வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. 2000களின் தமிழ்ப் பக்கங்கள் பல போய்விட்டன. 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடியபோது அதிலிருந்த எங்கட ஆட்களின் தனிப்பக்கங்களும் சேர்ந்து போயின. ஆனால் எங்கேயோ யாரோ சேமித்த ஒரு பாமினிப் பக்கம் கையில் கிடைத்தால், ஜே, கே, பி, ஓ என்று குப்பையாகத் தெரிந்தாலும், மாற்றியில் ஒட்டினால் அரை நிமிடத்தில் தமிழ் வரும். எழுத்து அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. இன்றைய கனத்த பக்கம் ஒன்றைச் சேமித்துப் பாருங்கோ. பல வேளைகளில் கிடைப்பது வெறும் சட்டகம்தான். எழுத்து வேறெங்கோ ஒரு சேவையகத்தில் இருக்கும், நிரல் போய்க் கேட்டால்தான் வரும். சேவையகம் நின்றால் இணைய ஆவணகத்தின் பிரதியிலும் சுழலும் வட்டம்தான் மிஞ்சும்.

அதைவிட மோசம் நாங்களே செய்வது. கடந்த பத்து வருடத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்த இளைஞர் கூட்டங்கள், போராட்ட அறிக்கைகள், வாசிப்பு வட்டங்கள், சின்னச் சஞ்சிகை வெளியீடுகள் எங்கே பதிவாகியிருக்கின்றன? பெரும்பாலும் பேஸ்புக்கில், அதுவும் போஸ்டர் படமாக. உள்நுழையாமல் பார்க்க முடியாது, தேட முடியாது, சொல்லை எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது. 70களின் ஒரு துண்டுப்பிரசுரம் நூலகம் தளத்தில் கிடைக்கிறது. போன வருசத்து அறிக்கையைத் தேடினால் கிடைப்பதில்லை.

எங்கட வாசிப்பு வட்டத்தில் இதைக் கதைத்துவிட்டு, போன மாதக் கூட்டத்தின் அறிவித்தலைப் போஸ்டராகவும், வெறும் எழுத்துக் கோப்பாகவும் செய்தோம். விடயம் இரண்டிலும் ஒன்றுதான்: திகதி, இடம், நூல், பேசுகிறவர்கள், ஒரு பந்தி அறிமுகம். போஸ்டர் 1.8 மெகாபைட். எழுத்து 3 கிலோபைட். இரண்டையும் அனுப்பும்போது அடைப்புக்குறிக்குள் அளவைப் போட்டோம்.